பச்சை ரிப்பனில் ஒன்பது அட்டைகள்

786

செஞ்சி,
18-8-85

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அசீசு சலாம் சொல்லி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதினாலும் போதும், மீதியை நானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்வேன். போன மாதம் முழுவதும் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. ஜனவரியிலிருந்து கம்பெனி உங்களுக்கு ஒரு அறையும் சமையலறையும் தரப்போகிறது, என்னையும் பம்பாய்க்கு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிக்காஹ் ஆகி எட்டு வருஷத்தில் நாம் ஒரே வீட்டில் இருந்த நாட்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினோரு மாதம்கூடத் தேறவில்லை. அந்தச் சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். பாஷை தெரியாத ஊராக இருந்தாலும் ஒரு ஜன்னல் இருந்தால் வேடிக்கை பார்த்தே பொழுதை ஓட்டிவிடுவேன்.

பக்ரீதுக்கு நீங்கள் வரப்போவதில்லை என்பதால் கோபித்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபித்துக்கொண்டேன்தான், ஆனால் இரண்டே நாள். பக்கத்து வீட்டு மெஹபூப் பீ அக்கா, "ஒத்த ஆளுக்கு எதுக்குடி அடுப்பு? நம்ம ஊட்டுக்கே வந்துடு" என்றார்கள். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெருநாளன்று தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்காது. போன வருஷம் பார்த்துவிட்டேன்.

இப்போது பெரிய சங்கதிக்கு வருகிறேன். புதன்கிழமை உங்கள் மருந்துக் கம்பெனி ரெப் பாண்டுரங்கன் விழுப்புரத்திலிருந்து நான் மருந்து எண்ணிக் கொடுக்கும் கிளினிக்குக்கு வந்தார். மூட்டுவலிக்குப் புதிதாக வந்திருக்கும் மஞ்சள் மாத்திரை, பெட்டி பெட்டியாக இலவச சாம்பிள், கூடவே வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த இங்கிலீஷ் கட்டுரை. டாக்டர்கள் படிக்கும் பத்திரிகையில் வெளிவந்ததாம். நம் டாக்டர் இளையபெருமாளின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் பெயரும், அதற்குப் பின்னால் ஒரு வரி முழுக்கப் பட்டங்களும் மேலே இருந்தன. என் பி.யு.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தேன். மச்சான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூலிக்காரனுக்கு முட்டி போனால் அவன் வீடே உட்கார்ந்துவிடும் என்று நான் உங்களிடம் சொன்னது அது. நீங்கள்தான் இங்கிலீஷில் போட்டு எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

போன வருஷம் நோன்பு மாதத்தில் லீவில் வந்தபோது, அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த நோயாளிகளின் அட்டைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து இந்தக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினீர்களே, அதே கட்டுரைதான். அட்டைகளை வகை வகையாகப் பிரித்துக் கொடுத்தது நான். கரண்ட் இல்லாத மத்தியானங்களில் காற்றுக்குப் பறக்காமல் கூழாங்கல் வைத்ததும் நான். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நன்றி சொல்லும் பொடி எழுத்து எல்லாவற்றிலும் நசுருதீன் என்ற பெயரைத் தேடினேன். எங்கேயும் இல்லை. அச்சுப் பிழையா? பத்திரிகைக்காரர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் பெருமை இல்லாமல் போகுமா? கோட்டையில் சுண்ணாம்புக் கொத்துவேலை செய்யும் பாக்கியசாமி அண்ணன் உங்களுக்கு நினைவிருக்கும். ராஜகிரிப் படியில் தினம் ஏறி இறங்கி அவருக்கு இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. டாக்டர் அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். புது மாத்திரை என்றதும் அவர் தயங்கினார். நான்தான் குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுக்காரரு எழுதுன மருந்துண்ணா, பயப்படாம தின்னுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியாவிட்டால் ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகாதீர்கள். பதில் போடுங்கள்.

உங்கள்
அசீசு


786

செஞ்சி,
20-10-85

அன்புள்ள மச்சானுக்கு,

அசீசின் சலாம். கடிதம் கிடைத்தது. ஜன்னல் இருக்கிறது, அதிலிருந்து ரயில் பாதை தெரியும் என்று எழுதியதற்கு ரொம்ப சந்தோஷம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

கட்டுரையில் உங்கள் பெயர் இல்லாதது பிழை இல்லை, வழக்கமே அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுவது கம்பெனி ஆளாம், பெயர் போடுவது வெளியில் இருக்கும் பெரிய டாக்டராம். கம்பெனி ஆள் பெயரைப் பார்த்தால் டாக்டர்கள் நம்ப மாட்டார்களாம். அந்தப் பெரியவர் கட்டுரையைக் காரிலிருந்து இறங்கி லிப்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்கிறீர்கள். மச்சான், எனக்கும் நிக்காஹ் நடந்தது. சம்மதமா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். இத்தனை பேர் விழுங்கப்போகும் மாத்திரைக்கு ஒருமுறைகூடக் கேட்க மாட்டார்களா?

பெயரை விட்டுத்தள்ளுங்கள். அது உங்கள் பாடு, கம்பெனி பாடு. நான் கேட்க வந்தது வேறு. டாக்டர் மேசையைத் துடைக்கும்போது அந்தக் கட்டுரையை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் என்று போட்டிருக்கிறது. நாம் எண்ணியது நூற்று இருபத்தொன்று. கிளினிக்கில் மாத்திரை எண்ணுவதுபோல ஐந்தைந்தாக நகர்த்தி நான்தான் எண்ணினேன், இருபத்துநான்கு ஐந்தும் தனியாக ஒன்றும் வந்தது. நீங்களும் ஒருமுறை எண்ணிச் சரி பார்த்தீர்கள்.

குறைவது ஒன்பது. எந்த ஒன்பது என்று எனக்குத் தெரியும். மலம் கறுப்பாகப் போனவர்கள், ரத்தம் வாந்தி எடுத்தவர்கள் என்று தனியாகப் பிரித்தோமே, அந்த ஒன்பது. ஸ்வீட் பெட்டியில் கட்டி வந்த பச்சை ரிப்பனால் அவற்றை நான்தான் கட்டிக் கொடுத்தேன். அட்டையில் முழுப் பெயர் இருக்காது, இரண்டு எழுத்துதான் இருக்கும். ஆனாலும் சில மறக்கவில்லை. ஒருவர் மில் தொழிலாளி, வயது ஐம்பத்திரண்டு. இன்னொருத்தி வீட்டு வேலை செய்பவள், நாற்பது வயது, என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள். அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஒம்போது பேரத்தான் மொதல்ல எழுதணும் அசீசு" என்று நீங்கள் சொன்னீர்கள். அச்சில் வந்திருப்பது ஒரே ஒரு வரி. சிலருக்கு லேசான வயிற்றெரிச்சல் இருந்தது, தானே சரியானது. இது உங்கள் கை எழுதியதா?

நான் ஏன் இதைத் தோண்டுகிறேன் என்று கேட்பீர்கள். பாக்கியசாமி அண்ணன் போன வியாழக்கிழமை கோட்டைப் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் சாக்கில் கழியைச் செருகித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்து, உதடு வெள்ளையாக இருந்தது. நாலு நாளாகக் கறுப்பாகப் போகிறது என்றும், வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றும் அவர் சம்சாரம் மரியசெல்வி அழுதாள். டாக்டர் உடனே டாக்சி வைத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே நாலு பாட்டில் ரத்தம் ஏற்றியும் இன்னும் எழுந்து உட்கார முடியவில்லையாம்.

நம் டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் மறுநாள் அந்தக் கட்டுரையை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நூத்திப்பன்னண்டு பேர்ல ஒருத்தருக்கும் இப்பிடி ஆவல. இவன் சாராயம் குடிச்சிருப்பான்" என்றார். மரியசெல்வி வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "எம் புருஷன் பூசைக்குப் போற ஆளு சார், அத்த மோந்துகூடப் பாத்ததில்ல" என்றாள். இப்போது கடைத்தெரு முழுக்கப் பாக்கியசாமி குடித்துக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டான் என்று பேச்சு. அன்று நானும் கிளினிக்கில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வெட்கம் உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கிளினிக்கில் ரெப் வைத்துவிட்டுப் போன சாம்பிளில் இன்னும் பாதி இருக்கிறது.

உங்கள்
அசீசு


786

செஞ்சி,
8-12-85

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழை விட்டுவிட்டது. கூடத்தில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் போகின்றன. அத்தனை பேர் பேச்சும் சத்தமும் வாசலோடு போய்விடுகின்றன. கதவைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும்தான்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்ததும் கிழித்துவிடச் சொல்லி முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். நான் கிழிக்கவில்லை. எட்டு வருஷத்தில் உங்கள் பேச்சை நான் மீறியது இதுதான் முதல் தடவை என்று சொன்னால் அது பொய், ஆனால் பெரிதாக மீறியது இதுதான்.

மருந்தை முழுசாக முடிக்காதவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார் என்கிறீர்கள். நீங்கள் எழுதிய இரண்டாம் பக்கத்தில் அந்த ஒன்பது பேரும் இருந்தார்களாம், அவர் சிவப்பு மையால் கோடு போட்டாராம், மறுபடி டைப் அடித்தது நீங்களாம். ஒன்று கேட்கிறேன். அவர்கள் ஏன் முடிக்கவில்லை? பிடிக்காமல் நிறுத்தினார்களா, ஊருக்குப் போய்விட்டார்களா? ரத்தம் வந்ததால் நிறுத்தினார்கள். மருந்தே நிறுத்தவைத்த ஆட்களை, மருந்தை நிறுத்தினார்கள் என்று சொல்லித் தள்ளிவிடுவது என்ன நியாயம்? இதை நீங்களே கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு டைப் அடித்திருப்பீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த மேனேஜர் யாரோ எவரோ, அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கடிதம் வந்த மறுநாள் கிளினிக்கில் மீதியிருந்த மஞ்சள் மாத்திரைப் பெட்டிகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டின்னில் வைத்துவிட்டேன். ஆறு வருஷத்தில் அங்கிருந்து ஒரு பஞ்சுகூட நான் சொல்லாமல் எடுத்ததில்லை. சாயங்காலமே டாக்டர் கேட்டார். மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையை அந்தப் பெரிய டாக்டர் எழுதவில்லை, என் வீட்டுக்காரர் எழுதினார், ஒன்பது பேரை விட்டுவிட்டார்கள், அந்த அட்டைகளை என் கையால் கட்டினேன் என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கட்டுரையை என் பக்கமாகத் திருப்பி வைத்து, "இதுல உன் வூட்டுக்காரர் பேரு எங்க இருக்குது அசீசு? காட்டு" என்றார். நான் என்னத்தைக் காட்டுவேன்? அவர் மேலே இருந்த பெயரைத் தொட்டு, இவர் படித்தவர், இவர் பெயர் அச்சில் இருக்கிறது, நீ சொல்வதை வைத்து நான் எப்படி ஒரு மருந்தை நிறுத்துவது என்றார். நியாயமான கேள்விதானே மச்சான். அந்த மருந்துக்கு நல்லது சொன்ன ஆளுக்குப் பெயர் இருக்கிறது. அதனால் கெட்டதும் வந்தது என்று தெரிந்த ஆளுக்குப் பெயர் இல்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டலாம் என்று மறுநாள் கொண்டுபோனேன். அவர் நிதானமாகப் படித்தார். கடைசிவரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். மச்சான், நீங்கள் கீழே கையெழுத்துப் போடவில்லை. நசுருதீன் என்று இல்லை, மச்சான் என்றுகூட இல்லை. மேலே தேதியும் இல்லை. இத்தனை வருஷமாக எனக்கு வந்த கடிதங்களில் உங்கள் பெயர் இல்லாதது இது ஒன்றுதான். எனக்கு எழுதும்போதுமா பயந்தீர்கள்?

ஆனாலும் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். "ஒரே ஒரு கையெழுத்து இருந்தாப் போதும். அவுரு யாரு, எந்தக் கம்பெனில இன்னா வேல பாக்குறாருன்னு எழுதி அனுப்பட்டும். அன்னைக்கே இத்த நிறுத்திடறேன், அந்தப் பத்திரிகைக்கும் நானே எழுதறேன்" என்றார். அதுவரைக்கும் மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். காசில்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால்தான் அவரும் அதை எழுதுகிறார். நேற்று மேல்மலையனூரில் எலுமிச்சம்பழம் விற்கும் மாரியம்மாளுக்கு எழுதினார். அமாவாசைக்கு அமாவாசை நின்றுகொண்டே விற்று அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பதினைந்து நாளைக்கு வேண்டியதை எண்ணிக் கொடுத்தவள் நான்தான். மலம் கறுப்பாகப் போனால் அன்றே ஓடிவா என்று அவள் காதில் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? அவளுக்கு நான் சொல்லிவிட்டேன், மற்ற ஊர்களில் யார் சொல்வார்கள்?

பாக்கியசாமி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். உயிர் இருக்கிறது, உடம்பு பாதியாகிவிட்டது. இனிமேல் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், கோட்டை வேலை போனதுபோலத்தான். பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "இன்னாம்மா, வூட்டுக்காரரு நல்லாகீறாரா?" என்று கேட்டார், மச்சான். என் பேச்சைக் கேட்டு விழுங்கியவர் உங்களை நலம் விசாரிக்கிறார். மரியசெல்வி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடிகாரன் பெண்டாட்டி என்று குழாயடியில் சொல்கிறார்களாம். அவள் என்னைத் திட்டியிருந்தால் அந்த டீ தொண்டையில் இறங்கியிருக்கும். அவருடைய கிளினிக் அட்டையில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? மருந்து பாதியில் நிறுத்தப்பட்டது. உங்கள் மேனேஜர் கணக்கில் இவரும் வரமாட்டார். என் கணக்கில் பத்தாவது ஆள்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை போகும். ஜனவரியில் தருவதாகச் சொன்ன வீடும் போகும். இந்தக் கட்டுரை மேனேஜருக்குப் பிடித்ததால்தான் அந்த வீடு கிடைத்தது என்பதை நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிந்துவிட்டது. தனியாக இருந்து பழகிவிட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். பழகவே இல்லை. இன்றும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன், மறுநாள் பழையதை நானே தின்கிறேன். இரண்டு மாதமாக மனதுக்குள் அந்தப் பம்பாய் ஜன்னலில் நின்றுகொண்டு எத்தனை ரயிலை அனுப்பிவைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. போன வாரம் அந்த ஜன்னலை நினைத்தபோது, வெளியே ரயில் வரவில்லை. சாக்கில் பாக்கியசாமி அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டில் நான் எப்படிச் சமைப்பேன்?

வேலை போனால் இங்கே வாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடைகூட இல்லை, ஒரு சிறு கடை வைத்தால் ஓடும் என்று டாக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்து இறங்கும் நாளில் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். ஏன் இப்படிச் செய்தார் என்று ஊர் கேட்டால் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் கெட்ட மனிதர் என்று ஒரு நிமிஷமும் நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம், எல்லாம் அதில் சரியாகவே இருக்கிறது, உங்களுக்கு நன்றாக எழுத வரும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் உங்கள் பெயரையும் கம்பெனியையும் அங்கே பார்க்கும் வேலையையும் எழுதித் திருப்பி அனுப்புங்கள். ஸ்டாம்பு ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது. மாரியம்மாளின் மாத்திரை பதினைந்து நாளில் தீரும், மறுபடி வாங்க வருவாள்.

அல்லாஹ் உங்கள் கைக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நசுருதீன் மனைவி
அசீசுன்னிசா